நூற்றைம்பது ரூபாய் கேஸ் சென்சார் வீட்டுக்குப் போதுமா?

3 மார்ச் 2024, காலை (ஒரு வாசகர் கேட்டது)

"எம்.கியூ-2 சென்சார் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆர்டுயினோ என்ற சின்ன புரோகிராம் போர்டில் இணைத்து, ஒரு பஸ்ஸரும் சேர்த்து, சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்தில் மாட்டிவிட்டேன். திரையில் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு கேஸ்) கணக்கே வருகிறது. இதைத்தான் கடையில் இரண்டாயிரம், மூவாயிரம் என்று விற்கிறார்கள். வீண் செலவுதானே?"

3 மார்ச், இரவு

முதல் வேலையாக அதை மேலேயிருந்து கழற்றுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது சிலிண்டர் என்றால் அதில் உள்ளது புரோப்பேனும் பியூட்டேனும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும். எக்ஸாஸ்ட் ஃபேன் உயரத்தில் இருக்கும் சென்சாருக்குச் செய்தி போய்ச் சேரும்போது ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் பக்கம் கேஸ் தேங்கியிருக்கும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்டுங்கள்.

குழாயில் வரும் இயற்கை எரிவாயு என்றால் நேர் எதிர். அது பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட லேசு, கூரைக்கு ஏறும். அந்த வீடுகளில் மேலேதான் மாட்ட வேண்டும். நம்மூர்களிலும் குழாய் கேஸ் வர ஆரம்பித்துவிட்டதால் பழைய டிடெக்டரை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

இனி சென்சார். அந்த வலைக்குள் ஒரு சின்னப் பீங்கான் குழல் இருக்கிறது. அதன் மேல் டின் ஆக்சைடு பூச்சு, உள்ளே ஒரு ஹீட்டர் கம்பி. சூடான பூச்சின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொண்டு, பூச்சிலிருக்கும் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மின்தடை கூடும். எரியக்கூடிய வாயு வந்தால் அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்துபோகும். பிடிபட்ட எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை இறங்கும். நீங்கள் பார்க்கும் எண் இந்த ஏற்ற இறக்கம்தான். என்ன வாயு வந்தது என்பது அதற்குத் தெரியாது. கேஸுக்கும் கத்தும், சானிடைசருக்கும் கத்தும், தாளிக்கும்போது எழும் புகைக்கும் கத்தும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, சிகரெட் லைட்டரைப் பற்ற வைக்காமல் கேஸை மட்டும் சென்சார் அருகே விட்டுப் பாருங்கள்.

நான் பத்தொன்பது வருடமாகக் கேஸ் டிடெக்டர் காலிபரேஷன் (அளவு சரிபார்க்கும்) வேலையில் இருக்கிறேன். கொங்குப் பக்கம் சாயப்பட்டறை, குளிர்பதனக் கிடங்கு, மருத்துவமனை என்று சுற்றுகிறேன். அதைவிட முக்கியமான காரணம் வீட்டில் இருக்கிறது. கொரோனா வந்து போனதிலிருந்து அம்மாவுக்கு வாசனை தெரிவதில்லை. சிலிண்டர் கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. நமக்குத் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். அம்மாவுக்கு அதுவும் இல்லை என்றாகிவிட்டது. அதனால் இந்தக் கேள்வியை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

4 மார்ச், காலை

நேற்று விட்டுப்போனது. சென்சாரை மாட்டிய உடனே வரும் எண்களை நம்ப வேண்டாம். புது எம்.கியூ-2-ஐ முதல் தடவை ஒரு நாளுக்கு மேல், முடிந்தால் இரண்டு நாள், மின்சாரத்திலேயே வைத்திருக்க வேண்டும். அதுவரை மின்தடை ஓரிடத்தில் நிற்காது. ஹீட்டர் முக்கால் வாட்டுக்கு மேல் இழுக்கும் என்பதால் வெளி உறையே சூடாகத்தான் இருக்கும். அது பழுது இல்லை.

திரையில் வரும் பிபிஎம் பற்றி. நீங்கள் அனுப்பிய புரோகிராமைப் படித்தேன். போர்டு ஆன் ஆனதும் சில வினாடி அளந்து, அதையே 'சுத்தமான காற்று' என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு வருகிற கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். இப்போது யோசித்துப் பாருங்கள். ராத்திரி கரண்ட் போகிறது. அந்த நேரத்தில் ரெகுலேட்டரில் கசிவு. கரண்ட் திரும்பியதும் போர்டு எழுந்து, கேஸ் நிறைந்த காற்றைச் சுத்தமான காற்று என்று பதிந்துகொள்ளும். அப்புறம் அது கத்தவே கத்தாது. அந்த எண்ணை ஒரு தடவை நல்ல வெளிக்காற்றில் எடுத்துப் போர்டில் நிரந்தரமாகச் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுக்க விடாதீர்கள்.

இன்னொன்று. சென்சாரின் மின்தடையைக் கணக்கிட அதோடு சேர்த்திருக்கும் லோடு ரெசிஸ்டர், பல மலிவு போர்டுகளில் ஒரு கிலோ ஓம்தான் இருக்கும். உங்கள் புரோகிராம் ஐந்து கிலோ ஓம் என்று எழுதியிருக்கிறது. மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

4 மார்ச், இரவு

"எவ்வளவு கசிந்தால் ஆபத்து?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, கணக்குப் போட்டுவிடலாம்.

தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவை எல்.இ.எல். என்போம். சிலிண்டர் கேஸுக்கு அது காற்றில் சுமார் 1.8 சதவீதம், அதாவது 18,000 பிபிஎம். பத்துக்குப் பத்து சமையலறை, பத்தடி உயரம் என்றால் 28 கன மீட்டர். அதில் 1.8 சதவீதம் அரை கன மீட்டர். எடையில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 14.2 கிலோ சிலிண்டரில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் கேஸ் அறை முழுவதும் சமமாகக் கலப்பதில்லை. தரைமட்டத்து ஓர் அடியில் மட்டும் தேங்கினால் நூறு, நூற்றிருபது கிராமே போதும். அதனால்தான் டிடெக்டர்களை எல்.இ.எல்.லில் 10 சதவீதம், அதாவது 1,800 பிபிஎம் வந்தவுடன் கத்தும்படி வைக்கிறோம். எம்.கியூ-2-வுக்கு அந்த அளவு நன்றாகவே தெரியும். சென்சாரில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1962-இல் ஜப்பானில் நவோயோஷி தாகுச்சி காப்புரிமை எடுத்த அதே டின் ஆக்சைடு வழிதான் இது. கடை டிடெக்டர் பலவற்றின் உள்ளேயும் இதே குடும்பத்துச் சென்சார்தான். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு, அளவு தெரிந்த கேஸைக் காட்டி எந்த இடத்தில் கத்த வேண்டும் என்று சரிபார்த்துத் தருவதற்கு.

6 மார்ச்

அப்படிச் சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் கண்ட ஒன்று.

ஒரு தொழிற்சாலை கேன்டீன். பன்னிரண்டு கமர்ஷியல் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் அறை. சுவரில் நல்ல விலையுள்ள டிடெக்டர், பச்சை விளக்கு எரிகிறது, திரையில் பூஜ்யம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டிய நான் அந்தத் தடவை பதினொரு மாதம் கழித்துத்தான் போனேன், அவர்கள் கூப்பிடாததால். பாதி எல்.இ.எல். உள்ள ஸ்பான் கேஸை, அதாவது அளவு தெரிந்த சோதனைக் கேஸை, விட்டேன். பூஜ்யம். குழாயை மாற்றி மறுபடி விட்டேன். பூஜ்யம். மூன்றாவது தடவை ஸ்பான் கேஸ் சிலிண்டரையே மாற்றினேன். திரை அசையவில்லை.

அது பெல்லிஸ்டர் வகை. மிளகைவிடச் சின்ன இரண்டு மணிகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் பிளாட்டினக் கம்பிச் சுருள். ஒரு மணியில் வினையூக்கி பூசியிருக்கும், மற்றதில் இருக்காது. இரண்டையும் ஐந்நூறு டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற்றி வைப்பார்கள். கேஸ் வந்தால் பூசிய மணியில் மட்டும் எரியும், அது இன்னும் சூடாகும், மின்தடை கூடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்ஸ்டன் பாலம் என்ற மின்சுற்று அளந்து காட்டும். எளிமையான, உறுதியான பொருள். ஆனால் சிலிக்கோன் ஆவி பட்டால் செத்துப்போகும். சூடான மணியின் மேல் அது சிலிக்காவாகப் படிந்து வினையூக்கியை மூடிவிடும். இரண்டு மணியும் ஒரே மாதிரி ஆகிவிட்டால் பாலத்தில் வித்தியாசமே வராது. திரையில் பூஜ்யம்தான்.

விசாரித்ததில், மழைத்தண்ணீர் வருகிறது என்று அந்த அறை ஜன்னலைச் சுற்றி சிலிக்கோன் சீலன்ட் அடித்திருக்கிறார்கள். எப்போது என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. ஏழு மாதம் என்றார் ஒருவர், ஒன்பது என்றார் இன்னொருவர். அத்தனை நாளும் கீழே நாற்பது பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து பூஜ்யம் காட்டும் திரையைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை. கேஸ் இல்லாததால் பூஜ்யமா, சென்சார் இல்லாததால் பூஜ்யமா என்று கேஸ் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் தொழிலில் இதற்கு பம்ப் டெஸ்ட் (bump test) என்று பெயர். ஒரு நிமிஷ வேலை.

7 மார்ச்

லைட்டர் பற்றி 3-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். வீட்டு எம்.கியூ சென்சாருக்கு அது உயிர் இருக்கிறதா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான். லைட்டரிலிருந்து வருவது கிட்டத்தட்ட முழு பியூட்டேன். அதற்குக் கத்தும் சென்சார் 1,800 பிபிஎம்முக்கும் கத்தும் என்று சொல்ல முடியாது. பெல்லிஸ்டருக்கு லைட்டரைக் காட்டவே கூடாது, அவ்வளவு அடர்ந்த கேஸ் மணியைக் கெடுக்கும். ஆரம்ப வருடங்களில் நானும் காட்டியிருக்கிறேன், அப்போது சொல்லித்தர ஆள் இல்லை.

கூடவே, மீத்தேன் வைத்துக் காலிபரேட் செய்த பெல்லிஸ்டர் புரோப்பேனைக் குறைத்துக் காட்டும். எதை அளக்கப் போகிறோமோ அதற்கேற்ற கேஸை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

9 மார்ச்

"சென்சார் எல்லாம் இப்போது வந்தது, எங்கள் தாத்தா கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் தூர் வார இறங்குவார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தாத்தா செய்ததில் அறிவு இருக்கிறது. ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு விஷயமும் இருக்கிறது.

விளக்கும் ஒரு சென்சார்தான், ஆக்சிஜன் சென்சார். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது ஏறத்தாழ 16-க்கு வந்தால் சுடர் அணையும். மட்கிய இலைதழையிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு அடியில் தேங்கிய கிணறுகளில் இது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கும்.

எங்கள் ஊரில் தென்னந்தோப்புக் கிணறு ஒன்று. வருடக்கணக்கில் இறைக்காமல் கிடந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். தண்ணீர் மட்டம் வரை போய் நின்று எரிந்தது. பெரியவர் ஒருவர் இறங்கினார். கொஞ்ச நேரம் சேற்றை அள்ளிக் கூடையில் போட்டார். கூடை இரண்டு தடவை மேலே வந்தது. மூன்றாவது தடவை கயிற்றை அசைத்தும் பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் சேற்றில் முகம் குப்புறக் கிடக்கிறார். அவர் தம்பி மகன் யாரும் பிடிப்பதற்குள் படியில் இறங்கினான். பாதிப் படியிலேயே கை நழுவிவிட்டது. இரண்டு பேரும் போய்விட்டார்கள். விளக்கு அப்போதும் சுவர் ஆணியில் எரிந்துகொண்டிருந்தது.

சேற்றுக்குள் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு அது என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. சேறு அசையாதவரை வெளியே வராது. மண்வெட்டி பட்டதும் கிளம்பும். இறங்குவதற்கு முன் சோதித்தது சரியாகவே இருந்தது, இறங்கிய பிறகு காற்று மாறிவிட்டது.

"அழுகிய முட்டை வாசனை வருமே" என்பார்கள். வரும், குறைந்த அளவில். நூறு பிபிஎம் பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும். வாசனை நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது.

10 மார்ச்

நேற்றைய பதிவுக்கு ஒரு கணக்கு. விளக்கு மட்டுமில்லை, ஆக்சிஜன் மீட்டர் மட்டும் இருந்தாலும் போதாது என்பதற்கு.

வேறொரு வாயு உள்ளே வந்து காற்றைத் தள்ளினால் ஆக்சிஜனும் அந்த விகிதத்தில்தான் குறையும், ஐந்தில் ஒரு பங்கு. திரையில் 20.9 இருந்தது 20.8 ஆனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த 0.1 குறைய, சுமார் 5,000 பிபிஎம் வேறு வாயு வந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு ஆயிரம் பிபிஎம் இருந்தாலே சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். விளக்கு அணைய வேண்டுமானால் காற்றில் கிட்டத்தட்டக் கால் பங்கு வேறு வாயுவாக இருக்க வேண்டும். விஷவாயுவுக்கு அத்தனை அளவு தேவையே இல்லை.

அதனால்தான் மேன்ஹோல், செப்டிக் டேங்க், கிணறு என்று எங்கே இறங்கினாலும் நான்கு வாயு மீட்டர்: ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு. எரியும் வாயுவுக்குப் பெரும்பாலும் பெல்லிஸ்டர். மற்ற மூன்றும் மின்வேதியியல் செல்கள், சின்னப் பேட்டரி மாதிரி. வாயு ஒரு சவ்வு வழியாக உள்ளே போய் மின்முனையில் வினைபுரியும், அதற்கேற்ற நுண்ணிய மின்னோட்டம் வரும். இவை ஹீட்டர் இல்லாமல் வேலை செய்யும், எம்.கியூ மாதிரி எல்லாவற்றுக்கும் கத்தாது. ஆனால் ஆயுள் உண்டு. ஆக்சிஜன் செல்லில் ஈயம் கரைந்துகொண்டே இருக்கும், பல மாடல்களில் இரண்டு வருடம் தாண்டினால் மாற்ற வேண்டும். பெட்டியில் கிடந்தாலும் கரையும்.

கிணற்றுக்குள் டீசல் பம்ப்செட்டை இறக்கி ஓட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எஞ்சினை மேலேயே வையுங்கள்.

11 மார்ச்

விளக்கு என்றதும் நினைவு வந்தது. 1815-இல் ஹம்ப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத்துக்காகச் செய்த விளக்கில் சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை இருக்கும். மீத்தேன் உள்ளே போய் எரிந்தாலும் வலை சூட்டை வாங்கிக்கொள்வதால் தீ வெளியே தாவாது. மீத்தேன் இருந்தால் சுடரின் மேல் நீலத் தொப்பி மாதிரி தெரியும், அதன் உயரத்தைப் பார்த்து எவ்வளவு என்று மதிப்பிடுவார்கள். உங்கள் நூற்றைம்பது ரூபாய் சென்சாரின் மேல் இருக்கும் இரட்டை வலையைப் பாருங்கள். உள்ளே சூடான ஹீட்டர், வெளியே எரியும் கேஸ். அதே வலை, அதே வேலை. கழுவுகிறேன் என்று யாரும் கழற்றிவிடாதீர்கள்.

பிரிட்டன் சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடுக்குக் கானரிப் பறவைகளையும் வைத்திருந்தார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் சொன்ன யோசனை. சின்ன உடம்பு, வேக மூச்சு, மனிதனுக்கு முன்னால் அது மயங்கும். 1986 வரை இருந்தது. சில கூண்டுகளில் மயங்கிய பறவைக்குக் கொடுக்கச் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரும் பொருத்தியிருந்தார்கள் என்று படித்தபோது மனசு இளகிவிட்டது.

13 மார்ச்

மின்வேதியியல் செல் 'எல்லாவற்றுக்கும் கத்தாது' என்று எழுதியதற்கு ஒரு விதிவிலக்கு. ஒரு அலுவலகத்தில் யு.பி.எஸ். அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாரம் இரண்டு தடவை அடித்தது. எரியும் பொருள் எதுவும் அங்கே இல்லை. மீட்டர் பழுது என்று ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தால் பேட்டரிகள் அளவுக்கு மேல் சார்ஜ் ஆகி ஹைட்ரஜன் வந்துகொண்டிருந்தது, எக்ஸாஸ்ட் ஓடவில்லை. கார்பன் மோனாக்சைடு செல்லுக்கு ஹைட்ரஜனும் தெரியும். ஹைட்ரஜன் 4 சதவீதம் வந்தாலே தீப்பற்றும். மீட்டர் பெயரைத்தான் மாற்றிச் சொன்னது, ஆபத்து உண்மை.

15 மார்ச்

பைக்கில் இருக்கும் சென்சார் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: பி.எஸ்.6 வண்டிகளின் சைலன்ஸர் குழாயில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார் சிர்கோனியா பீங்கான். சூடானால் ஆக்சிஜன் அயனிகளைத் தன் வழியே விடும், உள்ளும் வெளியும் ஆக்சிஜன் வித்தியாசப்பட்டால் வோல்டேஜ் வரும். பெட்ரோல் கூடினதா குறைந்ததா என்று அதை வைத்து வண்டியின் கம்ப்யூட்டரான இ.சி.யு. சரிசெய்யும். 1976-இல் வால்வோ கார்களில் முதலில் வந்தது.

ஏ.சி. அறையில் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வைப்பவருக்கு: அது அகச்சிவப்பு ஒளியால் அளப்பது. கார்பன் டை ஆக்சைடு 4.26 மைக்ரான் ஒளியை உறிஞ்சும், எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்ப்பார்கள். அதில் எதுவும் எரிவதில்லை, அதனால் பெல்லிஸ்டர் மாதிரி சிலிக்கோன் பட்டுச் செத்துப்போகும் பிரச்சினை இல்லை. எங்கள் படுக்கையறையில் மூன்று பேர் படுத்துக் கதவைச் சாத்தினால் விடிகாலையில் 2,000 பிபிஎம் தாண்டுகிறது, வெளியே 420 சொச்சம்தான். ஆனால் மலிவு மீட்டர்கள் பல, அன்றாடம் கண்ட குறைந்தபட்ச அளவை 400 என்று தானாகவே வைத்துக்கொள்ளும். எப்போதும் பூட்டியே கிடக்கும் அறையில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். தினம் ஒரு வேளை ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

17 மார்ச்

"நான்கு வாயு மீட்டர் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ஆகிறதே, கழிவுநீர்த் தொட்டி ஆளுக்கு யார் வாங்கித் தருவது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

வேலைக்கு அனுப்புகிறவர்தான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் மனிதரை இறக்குவதை 2013-ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது. சாவு நேர்ந்தால் பத்து லட்சம் இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. மீட்டர் விலையோடு ஒப்பிடவே எனக்குக் கூசுகிறது. உள்ளே இறங்காமல் இயந்திரம் வைத்து உறிஞ்சுவதுதான் முதல் வழி. மீட்டர் அதற்குப் பிறகுதான். மீட்டரைக் காட்டி ஆளை இறக்க நான் எழுதவில்லை.

24 மார்ச், ஞாயிறு இரவு

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். சென்சார் தரையிலிருந்து ஓர் அடியில், சிலிண்டருக்குப் பக்கத்துச் சுவரில். ரெசிஸ்டர் ஒரு கிலோ ஓம்தானாம், புரோகிராமில் திருத்திவிட்டார். கடை டிடெக்டர் ஒன்றும் வாங்கிவிட்டார். இரண்டும் இருக்கட்டும்.

இன்று ஊரில் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு தூர் வாரினார்கள். மீட்டரோடு போயிருந்தேன். போகும் முன் வீட்டிலேயே பம்ப் டெஸ்ட். சாம்பிள் குழாயை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் விட்டுப் பார்த்தேன்: ஆக்சிஜன் 20.9, மற்ற மூன்றும் பூஜ்யம். ஊர்ப் பெரியவர் தன் பங்குக்கு விளக்கையும் இறக்கினார், நான் தடுக்கவில்லை, எரியும் வாயு இல்லை என்று பார்த்தாகிவிட்டது. ஆளை இறக்காமல், மேலேயிருந்தே நீளக் கழியால் அடிச்சேற்றைக் கிளறச் சொன்னேன். சில நிமிஷத்தில் ஹைட்ரஜன் சல்பைடு 3 பிபிஎம், அப்புறம் 9, அப்புறம் 14. பத்துக்கே அலாரம் அடித்தது. ஆக்சிஜன் 20.9-லேயே நின்றது. விளக்கும் எரிந்தது.

பெரியவர் மீட்டரையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிரேன்காரருக்கு அவரே போன் போட்டார். நாளைக்குக் காலை எட்டு மணிக்கு வாளி வருகிறது.